வாய்க்குத் துணைபோன கால்கள்: ‘ஸ்டொமட்டோபாட்’ என்ற சொல்லின் பொருள்

இறால் உரிக்கும்போது தலையைத் திருகி எறிந்துவிடுகிறோம். அடுத்த முறை எறியும் முன் அந்தத் தலையைக் கவிழ்த்து ஒரு நிமிடம் பாருங்கள். மெல்லிய நடைக்கால்கள் பக்கத்துக்கு ஐந்தாகத் தொங்கும். அவற்றுக்கும் முன்னால், வாயை ஒட்டி, மயிர் அடர்ந்த சில உறுப்புகள் மடங்கிக் கிடக்கும். மீசை போலத் தோன்றும் அவையும் கால்கள்தாம். நடப்பதை விட்டுவிட்டு வாய்க்கு வேலை செய்யப் போன கால்கள்.

‘ஸ்டொமட்டோபாட்’ என்ற சொல்லுக்கான சாவி அங்கேதான் கிடக்கிறது. மாண்டிஸ் ஷ்ரிம்ப் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் கடல் விலங்குகளுக்கு அறிவியல் வைத்த பெயர் அது. இந்த விலங்கைப் பற்றி இணையத்தில் தமிழிலும் நிறையப் பேசுகிறார்கள். துப்பாக்கிக் குண்டு வேகத்தில் குத்தும், 16 வண்ணம் பார்க்கும், இறாலில் ஒரு வகை என்றெல்லாம் சொல்கிறார்கள். இவற்றில் ஒன்று தவறான உறவுமுறை, ஒன்று அளவு மாறிப்போனது, இன்னொன்று சில இனங்களுக்கு மட்டும் பொருந்துவது. பெயரைச் சரியாகப் புரிந்துகொண்டால் இந்த மூன்று முடிச்சும் தானாக அவிழும்.

பெயரில் தொடங்கும் குழப்பம்

மாண்டிஸ் என்றால் நம் கும்பிடுபூச்சி, ஷ்ரிம்ப் என்றால் இறால். கும்பிடுபூச்சி முன்னங்கைகளை மடக்கி நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் விருட்டென்று நீட்டிப் பிடித்துவிடும். இந்தக் கடல் விலங்கும் அதையேதான் செய்கிறது. உடம்பு ஓடு போர்த்தி நீளமாக இருப்பதால் இறாலின் நினைவும் வருகிறது. பார்த்தவர்கள் இரண்டையும் ஒட்டவைத்துப் பெயர் சூட்டிவிட்டார்கள்.

அதில் குற்றம் ஒன்றும் இல்லை. நட்சத்திர மீன் மீனில்லை, கடல்குதிரை குதிரையில்லை என்று தெரிந்தேதான் நாமும் அப்படிச் சொல்கிறோம். பெயரை வைத்து உறவு கொண்டாடத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது. இறாலும் நண்டும் சிங்கி இறாலும் பங்காளிகள். மாண்டிஸ் ஷ்ரிம்ப் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. ஓட்டுடலிகள் என்ற பெரிய வம்சத்தில் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தனிக்குடித்தனம் போய்விட்ட கிளை அது. இறாலுக்கு நண்டுதான் நெருக்கம், மாண்டிஸ் ஷ்ரிம்ப் தூரத்துச் சொந்தம். சமையல்கட்டில் பார்த்தால் நம்ப முடியாது, ஆனால் உடலமைப்பு அப்படித்தான் சொல்கிறது.

ஊர்ப் பெயர்களை நம்பிப் போனால் இன்னும் சுற்ற வேண்டியிருக்கும். ஜப்பானின் சுஷிக் கடைகளில் இதன் பெயர் ஷாக்கோ. இத்தாலியின் ஏட்ரியாடிக் கரையில் கனோக்கியா, ஸ்பெயினில் கலேரா. ஹாங்காங்கில் காண்டனீய மொழியில் சொல்லும் பெயருக்கு ‘சிறுநீர் கழிக்கும் இறால்’ என்று அர்த்தம், ஏனென்றால் பிடித்துத் தூக்கினால் தண்ணீரைப் பீய்ச்சும். ஒவ்வொரு பெயரும் அதனதன் சந்தையில் சரியானதே. ஆனால் 450-க்கும் மேற்பட்ட இனங்களை ஒன்றாகச் சேர்த்து, எந்த நாட்டுக்காரருக்கும் ஒரே பொருளில் சொல்ல ஒரு சொல் வேண்டியிருந்தது.

சொல்லைப் பிரித்தால்

கிரேக்கத்தில் ‘ஸ்டோமா’ என்றால் வாய். இந்தச் சொல் நமக்குப் புதிதில்லை. இலையில் காற்று புகும் நுண்ணிய துளைகளை ஸ்டொமேட்டா என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இலையின் வாய்கள் என்று அதற்குப் பொருள். ‘பாட்’ என்று முடியும் பகுதி கால் அல்லது பாதம் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

கால் என்று முடியும் பெயர்கள் விலங்கியலில் ஒரு பெரிய குடும்பமே உண்டு. தமிழ்ப் பாடநூல்கள் அவற்றை அழகாகவே மொழிபெயர்த்திருக்கின்றன. கணுக்கணுவாகக் கால் உள்ளவை கணுக்காலிகள். கணவாய் போலத் தலையிலிருந்தே கரங்கள் கிளம்புபவை தலைக்காலிகள். நத்தை போல வயிற்றுப்புறமே பாதமானவை வயிற்றுக்காலிகள். இறால், நண்டு போலப் பத்துக் கால் உள்ளவை பத்துக்காலிகள். இந்த வரிசையில் ஸ்டொமட்டோபாட் என்பதை ‘வாய்க்காலி’ என்று சொல்லலாம்.

உடனே வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய்க்கால் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லிலும் வாயும் காலும்தான் இருக்கின்றன, ஆனால் அங்கே கால் என்பது நீரோடும் தடம். இங்கே நாம் பேசுவது எலும்பில்லாத, ஓடுபோர்த்திய, மடங்கி நீளும் நிஜக்காலை. இந்த ஒலி ஒற்றுமையால் குழப்பம் வரும் என்று யாராவது தயங்கினாலும், வாய்க்காலி என்பது எனக்குப் பிடித்த சொல். ஒலிபெயர்ப்பு பெயரை மட்டும் சொல்கிறது, வாய்க்காலி அர்த்தத்தையும் சேர்த்துச் சொல்கிறது.

ஒரு தவறான வாசிப்பை மட்டும் தவிர்க்க வேண்டும். காலில் வாய் இருக்கிறது என்றோ, காலால் மெல்லுகிறது என்றோ இதற்குப் பொருள் இல்லை. வாயைச் சூழ்ந்து, வாய்க்காக உழைக்கும் கால்கள் உள்ள விலங்கு என்பதே பொருள்.

இதுவரை பார்த்தது: மாண்டிஸ் ஷ்ரிம்ப் இறாலுக்கு நெருங்கிய உறவு இல்லை. அதன் அறிவியல் பெயர் வாயையும் காலையும் சேர்த்த சொல். இறாலுக்கும் வாயருகே கால்கள் இருக்கும்போது இதற்கு மட்டும் ஏன் அந்தப் பெயர் என்று கேட்கத் தோன்றும். அதற்கு எண்ணிக்கைதான் பதில்.

எட்டு ஜோடிக் கணக்கு

வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு வீடும் ஒரே வரைபடத்தில் கட்டியவை. சில வருடம் போனதும் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய முதல் வீடுகள் கடையாகிவிடும். திண்ணை இருந்த இடத்தில் கதவுப் பலகை, ஜன்னல் இருந்த இடத்தில் கல்லாப்பெட்டி. உள்ளே இருப்பவை குடியிருப்பாகவே நீடிக்கும். ஆனாலும் சுவரையும் தூணையும் பார்த்தால் எட்டும் ஒரே அச்சு என்று தெரிந்துவிடும்.

ஓட்டுடலிகளின் நெஞ்சுப் பகுதியும் அப்படித்தான். இறாலுக்கும் நண்டுக்கும் மாண்டிஸ் ஷ்ரிம்புக்கும் நெஞ்சில் எட்டுத் துண்டங்கள், துண்டத்துக்கு ஒரு ஜோடிக் கால், ஆக எட்டு ஜோடி. இதில் வாயை ஒட்டிய முன்ஜோடிகள் சில, நடக்கும் வேலையிலிருந்து விலகி உணவைப் பிடிக்க, திருப்ப, வாய்க்குள் தள்ளப் பழகிக்கொண்டன. இப்படி வாய்வேலைக்கு மாறிய காலைத் தாடைக்கால் என்கிறோம்.

இறாலிலும் நண்டிலும் மூன்று ஜோடி தாடைக்கால்கள். மிச்சம் ஐந்து ஜோடி, அதாவது பத்துக் கால்கள், நடக்கவும் பற்றவும். பத்துக்காலி என்ற பெயர் அந்தக் கணக்கிலிருந்து வந்தது. ஸ்டொமட்டோபாடில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். ஐந்து ஜோடி வாய்க்குப் போய்விட்டது, நடக்க மூன்று ஜோடிதான் மிச்சம். மூன்றும் ஐந்தும் எட்டு, ஐந்தும் மூன்றும் எட்டு. ஒரே தெரு, ஒரே எட்டு வீடு. ஒன்றில் மூன்று கடை, மற்றதில் ஐந்து கடை.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். பெயர் சூட்டியவர் விலங்கின் பயங்கரத்தையோ வண்ணத்தையோ சொல்லவில்லை. எதை எண்ணினால் இது வேறு விலங்கு என்று தெரியுமோ, அதைப் பெயராக வைத்துவிட்டார்.

இன்னும் இரண்டு அடையாளங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இறாலின் செவுள்கள் தலையோட்டுக்குள் பஞ்சு போல ஒளிந்திருக்கும். ஸ்டொமட்டோபாடில் அவை வாற்பகுதிக்குக் கீழே நீந்தும் கால்களில் வெளிப்படையாக இருக்கும். இறாலின் மேலோடு நெஞ்சு முழுவதையும் மூடியிருக்கும். ஸ்டொமட்டோபாடில் அது குட்டைச் சட்டை, நெஞ்சின் பின்துண்டங்கள் வெளியே தெரியும்.

அந்த ஐந்து ஜோடியின் வேலை

முதல் ஜோடி மெலிந்தது. கண்ணையும் உடம்பையும் துடைத்துச் சுத்தமாக வைப்பது அதன் பொறுப்பு. கடைசி மூன்று ஜோடிகள் சிறியவை. இரையைப் பிடித்துக்கொள்ள, மண்ணை அள்ளி வளை தோண்ட அவை உதவும். பெண் விலங்கு தன் முட்டைத் திரளை ஏந்திக்கொண்டிருப்பதும் இந்தச் சின்னக் கால்களால்தான்.

இரண்டாம் ஜோடிதான் காணொளிகளில் எல்லோரும் வியக்கும் ஆயுதம். அதை நண்டின் இடுக்கியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இடுக்கியில் இரண்டு விரல்கள் ஒன்றையொன்று நோக்கி மூடும். இதில் இருப்பது மடக்குக்கத்தி அமைப்பு: கடைசிக் கணு அதற்கு முந்திய கணுவின் மேல் மடிந்து உட்காரும், வேண்டும்போது விரியும். பேனாக்கத்தியின் அலகு கைப்பிடிக்குள் மடங்குவது போல.

அந்தக் கடைசிக் கணு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த விலங்குகளை இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். 1970-களில் ராய் கால்டுவெல், ஹியூ டிங்கிள் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தப் பிரிவைப் பரவலாக்கினார்கள். கணுவில் முட்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தால் அது ஈட்டிக்காரன். மணலிலும் சேற்றிலும் வளை தோண்டிப் பதுங்கியிருந்து மீனையும் இறாலையும் குத்தி இழுக்கும். கணுவின் அடிப்பகுதி குதிகால் போலப் பருத்துக் கெட்டிப்பட்டிருந்தால் அது சுத்தியல்காரன். பாறை இடுக்கிலும் பவளப்பாறையிலும் வாழ்ந்து, நத்தை, நண்டு, சிப்பி ஓடுகளை அடித்து உடைக்கும்.

சுத்தியல்காரனின் அடி எப்படி அத்தனை வேகம் பெறுகிறது? கேரம் ஆடியவர்களுக்கு விடை கையிலேயே இருக்கிறது. விரலைச் சும்மா நீட்டினால் காய் நகராது. அதே விரலைக் கட்டைவிரலுக்குப் பின்னால் அடக்கி, இறுக்கி, சட்டென்று விட்டால் காய் பறக்கும். தசை அதே தசைதான். மெதுவாகச் சேர்த்த விசையை ஒரு நொடியில் அவிழ்த்துவிட்டதுதான் வித்தியாசம். ஸ்டொமட்டோபாடின் காலிலும் ஒரு கொண்டி உண்டு. தசை மெதுவாக இறுகும், கொண்டி காலைப் பிடித்து வைத்திருக்கும். அந்த இறுக்கத்தில் ஓட்டின் ஒரு பகுதி வில்லாக வளையும். அது குதிரைச் சேணம் போன்ற வடிவில் இருக்கிறது. கொண்டி விலகியதும் வில் நிமிர்ந்து காலை வீசி எறியும்.

ஷீலா பாடெக்கும் உடன் ஆய்வாளர்களும் 2004-இல் நேச்சர் இதழில் இந்த அடியை அளந்து வெளியிட்டார்கள். மயில் மாண்டிஸ் ஷ்ரிம்ப் என்று அழைக்கப்படும் ஓடொன்டோடாக்டைலஸ் சில்லாரஸ் என்ற சுத்தியல்காரனின் கால், உச்சத்தில் நொடிக்கு 23 மீட்டர் வேகம் எட்டியது. மணிக்கு 83 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் பேருந்து போகும் வேகம் அது. துப்பாக்கிக் குண்டு இதைவிடப் பல மடங்கு வேகமாகப் போகும். உண்மையில் வியக்க வேண்டியது வேகத்தை அல்ல, முடுக்கத்தை, அதாவது நின்ற நிலையிலிருந்து எவ்வளவு சீக்கிரம் அந்த வேகத்தை எட்டுகிறது என்பதை. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 10,000 மடங்குக்கும் மேல் அது அளக்கப்பட்டது. குண்டோடு ஒப்பிட வேண்டுமானால் இதைத்தான் ஒப்பிட வேண்டும். வேகமும் முடுக்கமும் இடம் மாறிய இந்த ஒரு தவறு எத்தனையோ பக்கங்களில் நகலாகிக்கொண்டே இருக்கிறது.

இந்த அடியில் தண்ணீரும் சும்மா இருப்பதில்லை. கால் பாய்ந்து மோதும் இடத்தில் நீரின் அழுத்தம் திடீரென்று சரிந்து, அங்கே நீராவிக் குமிழ்கள் தோன்றி, உடனே நொறுங்கும். நொறுங்கும் குமிழும் ஒரு அடி அடிக்கும். அதனால் நத்தை ஓட்டுக்கு ஒரே வீச்சில் இரண்டு தாக்கு: முதலில் கால், கண்ணிமைக்கும் நேரத்தில் மிகச் சிறு பங்கு கழித்துக் குமிழ்.

ஈட்டிக்காரர்களின் கதை வேறு. 40 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய லிசியோஸ்குவில்லினா மாகுலாட்டா இந்தக் கூட்டத்திலேயே பெரியது. அதன் வீச்சு அளக்கப்பட்டபோது நொடிக்கு 2.3 மீட்டர்தான் வந்தது, சுத்தியல்காரனின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு. மறைந்திருந்து மீன் பிடிப்பதற்கு அது போதும்.

சுருக்கமாக: ஐந்து ஜோடி தாடைக்கால்களில் இரண்டாவது ஜோடியே ஆயுதம். அது சில இனங்களில் ஈட்டி, சில இனங்களில் சுத்தியல். ‘மாண்டிஸ் ஷ்ரிம்பின் குத்து’ என்று உலகமே பேசுவது சுத்தியல்காரர்களை மட்டும்தான் குறிக்கும்.

சொல்லை எங்கே பயன்படுத்துவது

முகவரியில் மாவட்டம், தெரு, வீட்டு எண் என்று படிகள் உண்டு. விலங்குகளின் பெயரிலும் அப்படியே. வரிசை என்பது மாவட்டம் போலப் பெரியது, பேரினம் தெரு, சிற்றினம் வீட்டு எண். ‘ஸ்டொமட்டோபோடா’ என்பது வரிசையின் பெயர், முழுக் கூட்டத்துக்கும் உரியது. அந்தக் கூட்டத்தில் ஒரு விலங்கைச் சொல்ல ‘ஸ்டொமட்டோபாட்’. ஆகவே ‘ஒரு ஸ்டொமட்டோபோடா வலையில் விழுந்தது’ என்று எழுதினால் ஒரு மாவட்டமே வலையில் விழுந்ததாக ஆகிவிடும்.

தெருவின் தன்மையை மாவட்டத்துக்கு ஏற்றுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. தெற்கு மாசி வீதியில் ஒரு வீட்டில் கிணறு இருந்தால் மதுரை மாவட்டம் முழுக்க வீட்டுக்கு வீடு கிணறு என்று சொல்வோமா? 16 வண்ணக் கதை அப்படிக் கிளம்பியதுதான். பவளப்பாறையில் வாழும் பல இனங்களின் கண் நடுவே ஆறு வரிசையாக ஒரு பட்டை ஓடும். ஒளியை உணரும் செல் வகைகள் அங்கே ஏராளம். நிறத்துக்கு மட்டும் 12 வகை வரை, ஒளியின் அதிர்வுத் திசையை உணர்பவை முதலியவற்றையும் சேர்த்தால் 16 வகை வரை போகும். இது உணர்செல்களின் எண்ணிக்கை, பார்க்கும் வண்ணங்களின் எண்ணிக்கை இல்லை. நமக்கு மூன்று வகைதான், ஆனால் நாம் மூன்று வண்ணம் மட்டுமா பார்க்கிறோம்? 2014-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, நெருங்கிய நிறங்களைப் பிரித்தறிவதில் இந்த விலங்கு மனிதரைவிடப் பின்தங்கியிருப்பதைக் காட்டியது. சேற்றுத் தரையில் வாழும் ஸ்குவில்லா வகையினரின் கண்ணில் அந்தப் பட்டை வெறும் இரண்டு வரிசை. அவற்றைப் பற்றி 12, 16 என்று பேசவே இடமில்லை.

அப்படியானால் ‘ஸ்டொமட்டோபாட்’ என்ற சொல்லோடு எதைத் தயங்காமல் சேர்த்துச் சொல்லலாம்? ஐந்து ஜோடி தாடைக்கால், மூன்று ஜோடி நடைக்கால், மடக்குக்கத்தி போன்ற ஆயுதக்கால், நீந்தும் கால்களில் செவுள் ஆகியவற்றைச் சொல்லலாம். குத்து, வண்ணம், வளர்த்த கண்ணாடித் தொட்டியை அடித்து உடைத்தது, இத்தனை சென்டிமீட்டர் நீளம் என்று வந்தால் எந்த இனம் என்று பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பெயர் வந்த வழியும், நம் கரையும்

உயிரினங்களுக்கு இரட்டைச் சொல்லில் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1758-இல் நண்டு, இறால், மாண்டிஸ் ஷ்ரிம்ப் எல்லாவற்றையும் ‘கான்சர்’ என்ற ஒரே பெயரில் போட்டுவைத்தார். மத்தியதரைக் கடலின் இனம் அவர் ஏட்டில் கான்சர் மாண்டிஸ். 1787-இல் ஃபாப்ரீசியஸ் ‘ஸ்குவில்லா’ என்ற பேரினத்தை ஏற்படுத்தினார். 1817-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் பியேர் ஆந்த்ரே லத்ரேய், இவற்றுக்கென்று தனி வரிசையே வேண்டும் என்று ஸ்டொமட்டோபோடா என்ற பெயரைத் தந்தார்.

நம் நாட்டில் கல்லூரி விலங்கியல் படித்தவர்களுக்கு ஸ்குவில்லாதான் பழக்கமான சொல். ஆய்வகத்தில் ஃபார்மலின் ஜாடியில் ஒன்று இருக்கும். நுண்ணோக்கிக்கு அடியில் அதன் குஞ்சுப் பருவமான அலிமா லார்வாவைக் காட்டுவார்கள். கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் அந்தக் குஞ்சைத் தாயோடு சேர்த்துப் பார்க்கத் தெரியாத காலத்தில் தனி விலங்கு என்று எண்ணிச் சூட்டிய பெயர் அலிமா. கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் இருந்தபடி ஸ்டான்லி கெம்ப் 1913-இல் இந்தோ-பசிபிக் கடல்களின் ஸ்டொமட்டோபாடுகளைப் பற்றி எழுதிய நூல் இன்றும் ஆய்வாளர்களின் மேசையில் இருக்கிறது.

நம் இழுவைமடிப் படகுகளில் இவை கூடைகூடையாக வருகின்றன. இறாலுக்கு விரித்த வலையில் சேர்ந்து வருபவை என்பதால் விலை இல்லை. வெயிலில் காயப்போட்டுக் கோழித் தீவனத்துக்கும் எருவுக்கும் அனுப்புகிறார்கள். ஜப்பானிலும் இத்தாலியிலும் தட்டில் வைத்துப் பரிமாறும் விலங்கின் நெருங்கிய சொந்தம் இங்கே மண்ணில் காய்கிறது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அந்தக் குவியலில் அதிகம் கிடப்பவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். லத்ரேய் 1828-இல் அதற்கு ஸ்குவில்லா நேப்பா என்று பெயர் வைத்தார். 1968-இல் ரேமண்ட் மேனிங் ஸ்குவில்லாவைப் பல பேரினங்களாகப் பிரித்ததில் அது ஓரட்டோஸ்குவில்லா நேப்பா ஆனது. இப்போதைய பெயர் மியாகெல்லா நேப்பா. ஆய்வகத்து ஜாடியில் ஒட்டிய சீட்டில் இன்னும் ஸ்குவில்லா என்றே எழுதியிருந்தால் பேரினப் பெயரை மாற்றி எழுத வேண்டும். அதற்குக் கீழே வரிசை என்ற இடத்தில் ஸ்டொமட்டோபோடா என்று இருக்கும். அந்த வரியை 1817-லிருந்து யாரும் திருத்த வேண்டியிருக்கவில்லை.